ஒரு புகாரும் இல்லாத கிளை

சேலத்தில் ஒரு லாரி பார்சல் நிறுவனத்துக்கு டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்த வருடங்களில், காலை ஏழு மணிக்கு முன்னால் போன் அடித்தால் அது பெண்டிங் ரிப்போர்ட் பற்றியதாகத்தான் இருக்கும். புக்கிங் ஆகி இன்னும் டெலிவரி ஆகாத எல்.ஆர்.களின் (லாரி ரசீதுகளின்) பட்டியல் அது. கிளைகளில் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் குடோனைத் திறப்பார்கள். எந்த மூட்டை எந்த ஊரில் தங்கிவிட்டது என்று கேட்டு வருபவருக்கு அதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

2016-ல் ஒரு நாள் காலை அந்த அறிக்கை வர பதினோரு நிமிடம் ஆனது. முந்தின நாள்வரை இரண்டு நொடி. புரோகிராமை யாரும் தொடவில்லை. சர்வரில் வேறு சுமை இல்லை, டிஸ்க்கிலும் கோளாறு இல்லை. குவெரியும் சின்னதுதான்: கடைசி மூன்று மாத புக்கிங்கில், டெலிவரி டேபிளில் அதே மூன்று மாதத்து எல்.ஆர். ஐடிகளுக்குள் வராதவற்றை எடு. 'நாட் இன்' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் இன்னொரு குவெரி. சப்குவெரி என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

முக்கியமான அறிக்கைகளுக்கு 'எக்ஸ்பிளெய்ன்' கொடுத்து, குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவுசெய்யும் பிளானர் போட்ட திட்டத்தை மாதம் ஒருமுறை எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பழைய தாளையும் அன்றைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் 'ஹாஷ்டு சப்பிளான்' என்று இருந்தது. புதியதில் வெறும் 'சப்பிளான்'. ஒரே ஒரு சொல் காணாமல் போயிருந்தது.

அந்த ஒரு சொல் செய்கிற வேலை பெரியது. ஹாஷ் இருந்தால், எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் உள் குவெரியை ஒரே ஒரு முறை ஓட்டி, கிடைத்த ஐடிகளை நினைவகத்தில் ஒரு ஹாஷ் டேபிளாக அடுக்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு எல்.ஆருக்கும் 'இது உள்ளே இருக்கிறதா' என்று ஒரு கேள்வி, ஒரு பதில். ஆனால் அந்த அடுக்கு முழுவதும் 'வொர்க் மெம்' என்ற அளவுக்குள் அடங்கும் என்று பிளானருக்குத் தோன்ற வேண்டும். நாங்கள் அதை மாற்றாமல் வைத்திருந்தோம்; இயல்பாக வருவது 4 எம்பி. எட்டு பைட் ஐடி, அதோடு வரிசையின் தலைப்புக்கு 24 பைட், ஆக மொத்தம் ஒரு வரிசைக்கு 32 பைட் என்று பிளானர் கணக்குப் போடுகிறது. 4 எம்பியை 32-ஆல் வகுத்தால் 1,31,072. மூன்று மாத டெலிவரி எண்ணிக்கை அந்த எல்லையை ஒட்டியே பல வாரம் ஊர்ந்திருக்கிறது. முந்தின இரவு புள்ளிவிவரம் புதுப்பிக்கப்பட்டபோது மதிப்பீடு எல்லையைத் தாண்டிவிட்டது.

தாண்டியபின் பிளானருக்கு இருந்த வழி ஒன்றுதான்: ஒவ்வொரு எல்.ஆருக்கும் அந்தப் பட்டியலைத் தலையிலிருந்து தேடிக்கொண்டு போவது. சுமார் 1,40,000 எல்.ஆர்.; ஒவ்வொன்றுக்கும் சராசரியாகப் பாதிப் பட்டியல், அதாவது 65,000 ஒப்பீடு. பெருக்கினால் 900 கோடிக்கு மேல். பதினோரு நிமிடத்தில் முடித்ததே அந்த இயந்திரத்தின் உழைப்பு.

'நாட் இன்'னை 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மாற்றி எழுதினேன். திட்டத்தில் 'ஹாஷ் ஆன்டி ஜாயின்' வந்தது. அறிக்கை மறுபடி இரண்டு நொடிக்குள் இறங்கியது. இந்த ஜாயினும் ஹாஷ்தான் போடுகிறது. ஆனால் நினைவகம் போதாவிட்டால் இரண்டு பக்கத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்து, மீதியை டிஸ்க்கில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக முடிக்கத் தெரியும். அதனால் தரவு கூடக்கூட நேரம் மெல்லக் கூடுமே தவிர, ஒரே இரவில் பள்ளத்தில் விழாது.

வேலை முடிந்தது. கேள்வி முடியவில்லை. எனக்குத் தெரிந்த இந்த மாற்றம் பிளானருக்குத் தெரியாதா? 'இன்' என்று எழுதினால் அதை அழகாக செமி ஜாயினாக மாற்றிக்கொள்கிறது. 'எக்ஸிஸ்ட்ஸ்', 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' இரண்டையும் மாற்றுகிறது. 2009-ல் வந்த 8.4 பதிப்பிலிருந்தே இதற்கெனத் தனி ஜாயின் வகைகள் அதனிடம் உண்டு. 'நாட் இன்' வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஏன்?

சில மாதம் கழித்து விடை தானாக வந்து நின்றது. வேறொரு அறிக்கை, அதிலும் 'நாட் இன்'. அது அன்று ஒரு வரிகூட இல்லாமல் வெறுமையாக வந்தது. ஏதோ ஒரு கிளையில் இணையம் இல்லாத நேரத்தில் டெலிவரியைக் கையால் பதிந்திருக்கிறார்கள். எல்.ஆர். ஐடி இருக்க வேண்டிய இடத்தில் 'நல்'. ஒரே ஒரு வரிசையில்தான். எஸ்.க்யூ.எல். மொழியில் 'நல்' என்றால் மதிப்பு தெரியவில்லை என்று பொருள். பட்டியலில் ஒன்று என்னவென்றே தெரியாதபோது, 'இந்த ஐடி பட்டியலில் இல்லை' என்று எதைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்ல முடியாததை 'வேர்' நிபந்தனை உள்ளே விடாது. அதனால் எல்லா வரிசையும் விழுந்துவிட்டது. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' அப்படியில்லை. பொருந்தும் வரிசை ஒன்று கிடைத்ததா என்பதை மட்டுமே பார்க்கும். 'நல்' யாருக்கும் பொருந்தாது, கேடும் செய்யாது.

ஆக, 'நாட் இன்'னை ஆன்டி ஜாயினாக மாற்றினால் சில தரவுக்கு விடையே மாறிவிடும். நான் வேலை செய்த பதிப்புகளில் பிளானர் அதைச் செய்ய மறுத்ததன் காரணம் அதுதான். முதல் அறிக்கையை நான் மாற்றிய அன்று டேபிளில் 'நல்' இல்லாததால் விடை கெடவில்லை. 'நல்' வராது என்ற உறுதி பிளானருக்கு இல்லை, அதனால் மெதுவான வழியில் சரியான விடையைத் தந்தது. அன்றிலிருந்து திட்டத்தில் 'சப்பிளான்' என்ற சொல்லைப் பார்த்தால் எரிச்சல் வருவதில்லை. எதற்காகத் தயங்குகிறது என்று பார்க்கத் தோன்றும்.

இதை அப்போதே முழுதாக உணர்ந்திருந்தால் அடுத்த ஆண்டு நடந்தது நடந்திருக்காது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 2009-ல், மைஎஸ்க்யூஎல்லில். 'சப்குவெரி எழுதாதே, ஜாயின் எழுது' என்பது அங்கே மூத்தவர்கள் முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம். அதற்கு நியாயம் இருந்தது. அந்தக் காலத்து மைஎஸ்க்யூஎல், 'இன்' போட்டு எழுதிய சப்குவெரியை வெளி வரிசை ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்ப ஓட்டிவிடும். 2013-ல் 5.6 பதிப்பு வந்தபிறகுதான் செமி ஜாயின் உள்ளே வந்தது. பாடம் மட்டும் பதிப்பைத் தாண்டியும் என் கையில் ஒட்டிக்கொண்டது.

எஸ்.க்யூ.எல். பிறந்தபோது இந்த அடுக்கு முறைதான் அதன் பெருமை என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. 1974-ல் ஐபிஎம்மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் முன்வைத்த 'சீக்வெல்' மொழியில், ஒரு கேள்விக்குள் இன்னொரு கேள்வியைச் செருகுவதுதான் கணக்கறிவு இல்லாதவர்களும் எளிதாக எழுதக்கூடிய வழி என்று வைத்திருந்தார்கள். அது உண்மை. 'டெலிவரியில் இல்லாத எல்.ஆர். எவை' என்று குடோனில் நிற்பவர் கேட்பது அப்படியே ஒரு சப்குவெரிதான். இயந்திரத்துக்கு அதை எப்படிச் சிக்கனமாகச் செய்வது என்பது வேறு வேலை. 1979-ல் அதே ஐபிஎம்மில் பட்ரிசியா செலிங்கரும் குழுவும் சிஸ்டம் ஆர் பற்றி எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு வழிக்கும் செலவு மதிப்பிட்டு மலிவானதைத் தேர்வதை விளக்கினார்கள். இன்றைய பிளானர்களில் பலவும் அந்த வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கட்டுரையில் ஒரு பகுதி சப்குவெரிக்கு. உள் குவெரி வெளி வரிசையின் மதிப்பைத் தொடுகிறது என்றால், அதை ஒவ்வொரு வரிசைக்கும் ஓட்டத்தான் வேண்டும். முந்தின வரிசையில் வந்த அதே மதிப்பு மறுபடி வந்தால் மட்டும் பழைய விடையையே பயன்படுத்தலாம் என்று ஒரு சிக்கனம் சொல்லியிருந்தார்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் 2021-ல், 14-ஆம் பதிப்பில் 'மெமாய்ஸ்' வந்தபோது எனக்கு அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தது. அது சப்பிளானுக்கு அல்ல, நெஸ்டட் லூப் ஜாயினுக்கு. ஆனாலும் ஒருமுறை கண்ட விடையை மறுபடி தேடாதே என்ற எண்ணம் ஒன்றுதான்.

2017-ல் நடந்ததைச் சொல்கிறேன்.

நிறுவனத்துக்கு அறுநூறு கிளைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புகார் குறைவாக இருக்கும் கிளை ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை. ஒவ்வொரு கிளைக்கும் அதன் சரக்கு அளவைப் பொறுத்து ஒரு வரம்பு: பெரிய கிளைக்கு இருபது, நடுத்தரத்துக்கு ஐந்து, மிகச் சிறிய கிளைக்குப் பூஜ்யம். வரம்பைத் தாண்டாத கிளைகளின் பட்டியல்தான் சம்பளப் பிரிவுக்குப் போகும். முன்பு இருந்தவர் எழுதிய குவெரி படிக்கத் தெளிவாக இருந்தது: எந்தக் கிளையின் வரம்பு, அந்தக் கிளைக்கான புகார்களின் 'கவுன்ட்'டுக்குக் குறையாமல் இருக்கிறதோ அந்தக் கிளை. உள்ளே இருக்கும் 'கவுன்ட்' வெளியே உள்ள கிளையைத் தொடுகிறது. போஸ்ட்கிரெஸ் இதைப் பிரித்துப் போடுவதில்லை. அறுநூறு கிளைக்கும் அறுநூறு முறை உள் குவெரியை ஓட்டும். புகார் டேபிளில் கிளை எண்ணுக்கு இண்டெக்ஸ் இல்லை. நான்கு லட்சம் வரிசையை அறுநூறு முறை முழுதாகப் படித்தால் 24 கோடி. ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது.

ஒரு இண்டெக்ஸ் போட்டிருந்தால் போதும். அறுநூறு சிறு தேடல்கள், கண் இமைக்கும் நேரம். நானோ அந்தப் பழைய மைஎஸ்க்யூஎல் பாடத்தைப் பின்பற்றினேன். புகார் டேபிளைக் கிளை வாரியாக 'குரூப் பை' செய்து, ஒரே வாசிப்பில் எல்லாக் கிளைக்கும் எண்ணிக்கை எடுத்து, அதைக் கிளை டேபிளோடு ஜாயின் செய்தேன். ஒரு நொடிக்குள் வந்தது. ஐந்து பெரிய கிளைகளின் எண்ணிக்கையைப் பழைய விடையோடு ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தியது. அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து என் மேசைக்கு ஒரு போன். தேனிப் பக்கம் ஒரு சின்னக் கிளையிலிருந்து புக்கிங் கிளார்க். வயதானவர், குரலிலேயே தெரிந்தது.

"தம்பி, கம்ப்யூட்டர் லிஸ்ட்டெல்லாம் நீங்கதான் போடுறதுன்னு சொன்னாங்க. எங்க கிளையில இந்த மூணு மாசமா ஒரு கம்ப்ளெயின்ட்டுகூடக் கிடையாது. அப்புறம் எப்பிடி எங்க பேரு லிஸ்ட்ல இல்லாம போச்சு?"

"பாத்துச் சொல்றேன் அண்ணே" என்றேன். உண்மையில் அவர் சொல்லி முடிக்கும்போதே எனக்கு வயிற்றில் ஏதோ இறங்கியது. காரணத்தை அவரே சொல்லிவிட்டார். ஒரு புகாரும் இல்லாத கிளைக்குப் புகார் டேபிளில் வரிசையே இல்லை. வரிசை இல்லாததற்குக் 'குரூப்' இல்லை. 'குரூப்' இல்லாதது ஜாயினில் ஒட்டாது. பழைய சப்குவெரியில் அந்தக் கிளைக்குக் 'கவுன்ட்' பூஜ்யம் என்று விடை வந்தது. பூஜ்யமும் ஒரு விடைதான். என் ஜாயினில் அந்தக் கிளையே மறைந்துவிட்டது. மூன்று மாதம் ஒரு மூட்டை நனையாமல், ஒரு பெட்டி உடையாமல், ஒரு சரக்கு தவறாமல் பார்த்துக்கொண்டவர்கள் எல்லோரையும் நான் பட்டியலிலிருந்து எடுத்திருந்தேன். முப்பத்தெட்டுக் கிளைகள்.

அவசரத்தில் திருத்தினேன். ஜாயினை 'லெஃப்ட் ஜாயின்' ஆக்கி, பிறகு 'குரூப் பை' போட்டு 'கவுன்ட் ஸ்டார்' எடுத்தேன். பட்டியல் நீண்டது. அனுப்புவதற்கு முன் தேனிப் பக்கத்துக் கிளையைத் தேடினேன். இல்லை. லெஃப்ட் ஜாயினில் பொருந்தாத கிளைக்கும் ஒரு வரிசை வரும், வலப்பக்கம் முழுதும் 'நல்'லாக. 'கவுன்ட் ஸ்டார்' அந்த வெற்று வரிசையையும் எண்ணிவிட்டது. ஒரு புகாரும் இல்லாத கிளைக்கு ஒரு புகார் என்று கணக்கு. வரம்பு ஐந்து உள்ள கிளைகள் தப்பிவிட்டன. வரம்பு பூஜ்யமாக உள்ள சின்னக் கிளைகள் மறுபடி வெளியே. புகார் ஐடி என்ற பத்தியின் பெயரைக் கொடுத்து எண்ணியபிறகுதான் 'நல்' விலகி, பூஜ்யம் பூஜ்யமாக நின்றது.

அவருக்குப் போன் செய்து, தவறு என்னுடையது, அடுத்த மாதச் சம்பளத்தோடு வந்துவிடும் என்று சொன்னேன். "சரி தம்பி, நாங்க என்னமோ தப்பு பண்ணிட்டமோன்னு நெனச்சுட்டோம்" என்றார். அந்த வாக்கியம் இன்னும் என்னோடு இருக்கிறது.

அந்த வாரம் தேடிப் படித்ததில், நான் விழுந்த குழி பழைய குழி என்று தெரிந்தது. 1982-ல் வொன் கிம் என்ற ஆய்வாளர், அடுக்கிய குவெரிகளை வகை பிரித்து, ஒவ்வொரு வகையையும் ஜாயினாக மாற்றும் விதிகளை எழுதினார். துறையையே திருப்பிவிட்ட கட்டுரை. 'கவுன்ட்' உள்ள வகைக்கு அவர் சொன்ன மாற்றமும் நான் செய்ததும் ஒன்றே: முதலில் குரூப், பிறகு ஜாயின். 1985-ல் வெர்னர் கீஸ்லிங் இதில் விடை மாறுவதைச் சுட்டினார். அத்தகைய இடங்களைக் கடலடிப் பாறைகளுக்கு ஒப்பிட்டே தன் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். 1987-ல் கான்ஸ்கியும் வோங்கும் அவுட்டர் ஜாயின் போட்டு அதைச் சரிசெய்தார்கள். எண்ணும்போது எந்தப் பத்தியை எண்ண வேண்டும் என்பது உட்பட. 'கவுன்ட் பக்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. முப்பது வருடம் கழித்துச் சேலத்தில் அதே இரண்டு தவறையும் அதே வரிசையில் நான் செய்திருக்கிறேன்.

பிறகு வந்தவர்கள் இந்த மாற்றத்தைப் பிளானருக்கே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். 2001-ல் மைக்ரோசாஃப்ட்டின் கலிந்தோ-லெகாரியாவும் ஜோஷியும் எஸ்.க்யூ.எல். சர்வருக்காக எழுதினார்கள். 2015-ல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் நாய்மனும் அல்ஃபோன்ஸ் கெம்பரும், எப்படிச் சுற்றி எழுதிய சப்குவெரியானாலும் பிரித்துவிடும் ஒரு பொதுவழியைத் தந்தார்கள். டக்டிபி என்ற டேட்டாபேஸ் அந்த வழியில்தான் போகிறது. வெளி வரிசைகளில் வரும் தனித்தனி மதிப்புகளை முதலில் சேகரித்துக்கொண்டு, அந்த மதிப்புகள் எல்லாவற்றுக்கும் உள் குவெரியை ஒரே வீச்சில் கணக்கிட்டு, கடைசியில் திரும்ப ஒட்டுகிறார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தபோது, 'கவுன்ட்' வரும் இடத்தில் பூஜ்யம் தொலையாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். இருந்தது.

ஆனாலும் எல்லாவற்றையும் பிரித்தால் நல்லது என்று நான் நினைப்பதில்லை. தேனிப் பக்கத்துக் கிளார்க் தன் கிளையின் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியே ஒரே வரிசை. இண்டெக்ஸ் இருந்தால் உள் குவெரி ஒரு முறை ஓடி, தன் கிளையின் சில வரிசைகளை மட்டும் தொட்டு முடிந்துவிடும். அதையே முன்கூட்டிக் 'குரூப் பை' செய்து பல கிளைகளைச் சேர்த்துக் கேட்கும் விதத்தில் எழுதினால், இரண்டு கிளை வேண்டிய இடத்தில்கூட அறுநூறு கிளைக்கும் கணக்கிட்டுவிட்டு மீதியைத் தூக்கி எறியும் திட்டம் வரக்கூடும். தேவைப்பட்ட இடங்களில் நான் 'லேட்டரல்' போட்டு, உள் பகுதி வெளி வரிசைக்கேற்ப ஓட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' கொடுத்தால் திட்டத்தில் 'லூப்ஸ்' என்று ஒரு எண் வரும். உள் பகுதி எத்தனை முறை ஓடியது என்பது. அது இரண்டு என்றால் நெஸ்டட் லூப்பைப் போல நல்லது வேறில்லை. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றால் அதன் கீழே உள்ள நேரத்தை அதனால் பெருக்கிப் பார்க்க வேண்டும். எழுதியிருப்பது ஒரு முறைக்கான சராசரி. பெருக்காமல் படித்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'வித்' போட்டு எழுதும் குவெரிகள் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-ல் 12-ஆம் பதிப்பு வரும்வரை போஸ்ட்கிரெஸ் 'வித்' பகுதியைத் தனியாக ஓட்டி, விடையைத் தனியாக எடுத்து வைத்துவிடும். பிளானர் அந்த வேலியைத் தாண்டி வெளி நிபந்தனையை உள்ளே தள்ளாது. அந்த வேலியை நம்பியே சிலர் எழுதியிருந்தார்கள். பதிப்பு மாறியதும் ஒரே ஒருமுறை பயன்படும் 'வித்' உள்ளே கரைந்துவிட, சில திட்டங்கள் மாறின. வேலி வேண்டும் என்றால் 'மெட்டீரியலைஸ்ட்' என்று எழுத வேண்டும். எங்களுக்கு அதில் இரண்டு இடத்தில்தான் வேலை வந்தது.

இப்போது ஒரு குவெரியை மாற்றி எழுதினால், பழையதையும் புதியதையும் 'எக்ஸெப்ட்' போட்டு இரண்டு திசையிலும் கழித்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை. இந்தப் பக்கம் கழித்தாலும் அந்தப் பக்கம் கழித்தாலும் மீதம் எதுவும் வரக்கூடாது. ஒரே வரிசை இரண்டு தடவை வந்தால் 'எக்ஸெப்ட்' காட்டாது என்பதால் 'ஆல்' சேர்த்துக்கொள்வேன். சோதனைத் தரவில் மூன்று வரிசைகளை நானே கையால் போடுகிறேன்: ஐடி 'நல்'லாக உள்ள ஒரு டெலிவரி, இரண்டு வண்டியில் பிரிந்து போய் இரண்டு டெலிவரி பதிந்த ஒரு எல்.ஆர்., ஒரு புகாரும் இல்லாத ஒரு கிளை. மூன்றாவதற்கு அந்தத் தேனிப் பக்கத்துக் கிளையின் எண்ணையே வைத்திருக்கிறேன்.

போன மாதம், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி திட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணா, இதை எத்தனை விதமா எழுதிப் பார்த்தாலும் சப்பிளானாவே நிக்குது. நானே ஜாயினா மாத்திடட்டுமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். முதலில் அந்த டேபிளின் வரையறையைத் திறந்தோம். எல்.ஆர். ஐடி பத்திக்கு எதிரே 'நாட் நல்' என்று எழுதியிருக்கவில்லை. 'நல்' எத்தனை வரிசையில் இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். தட்டினாள். நான்கு.